அரைப்புள்ளிக்கு அரைக் கழிப்பறை

"அண்ணமிண்டிக்கு எதுக்கு முழுசு? அரை போதுமே" என்றார் சுப்பையா அண்ணன், சென்னையிலிருந்து.

கவிழ்த்து வைத்த பித்தளை அண்டாவின் மேல் என் லேப்டாப் இருந்தது. திரையின் ஓரத்தில் ஆறு சின்னக் கட்டங்களில் ஆறு பங்காளிகளின் முகங்கள். ஒருவர் ஏசிக்குக் கீழே, ஒருவர் மலேசியாவில் இட்லித் தட்டோடு, இன்னொருவர் எங்கோ ஓடும் காரில். நான் கீழச்சிவல்பட்டியில், அவர்களுக்குப் பொதுவான வீட்டின் நடுமுற்றமான வளவில், பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் ஏழாவது பங்குக்காரரான உமையாள் ஆச்சி, கேமராவில் படாமல் முழங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலமாகிவிட்ட சுப்பையா அண்ணனின் மூத்தவருடைய மனைவி. அண்ணன் மனைவியை அவர்கள் அண்ணமிண்டி என்பார்கள்.

திரையின் பெரும்பகுதியில் நான் வரைந்த படம். வீட்டுக் கொல்லையில், கிணற்றடியிலிருந்து மதில்வரை, வரிசையாக ஏழு கழிப்பறைகள். ஆளுக்கொன்று. அதில் ஆச்சியின் கழிப்பறையைத்தான் அவர் பாதியாக்கச் சொன்னார்.

"அரை கக்கூஸ்னா எப்படிண்ணே போடுறது?" என்று கேட்டேன்.

"நீதானம்மா சொன்ன, இழுத்தா நீளும், அமுக்குனா சுருங்கும்னு. அமுக்கு."

எனக்கு வந்த கோபத்தில் லேப்டாப்பை மூடியிருப்பேன். ஆச்சி என் முழங்கையைத் தொட்டு, "சொன்னதைச் செய் செல்வி" என்றார், உதடு மட்டும் அசைய.

அமுக்கினேன். அமுக்கியபோது என்ன ஆனது என்பதைச் சொல்வதற்குமுன், இந்த அமுக்குகிற வித்தை எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் ஏதோ மாயமந்திரம் செய்ததாக நினைத்துக்கொள்வீர்கள்.

ஏர்போர்ட்டின் உள்பக்கம்

போன வாரம் நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று இந்தத் தொடரில் எழுதிவிட்டேன் என்பதற்காக என் அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அமராவதிபுதூரில் அவர் இத்தனை வருடமாகக் கட்டிக் காத்த கௌரவம் ஒரே பக்கத்தில் போய்விட்டதாம்.

காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடை மாடியில் ஜமால் பாயின் வரைபட அலுவலகம் இருக்கிறது. நாங்கள் மூன்று பேர். வெளிநாட்டுக் கட்டடங்களைக் கம்ப்யூட்டருக்குள் முப்பரிமாணத்தில் கட்டித் தருவது வேலை. சேர்ந்த முதல் வாரமே எனக்கு வந்தது கழிப்பறைத் தடுப்பு. நன்றாகச் செய்து தொலைத்துவிட்டேன். அதன்பிறகு உலகத்தில் எங்கே கழிப்பறை கட்டினாலும் ஜமால் பாய் என் மேஜையைத்தான் பார்ப்பார்.

பெண் கேட்டு வந்தவர்களிடம் அம்மா, "மக ஏர்போர்ட்டெல்லாம் கட்டுது" என்பார். ஒருமுறை ஒரு மாமா விடாமல், "ஏர்போர்ட்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "உள்பக்கம்" என்றார்.

வேலை கேவலமானதல்ல, நுணுக்கமானது. ஒரு கழிப்பறையை மென்பொருளில் ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டால் அதைப் பிறகு எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். அகலம் என்ற இடத்தில் மூன்றடி என்று அடித்தால் மூன்றடி ஆகும். நாலடி என்றால் தடுப்பு தானாக நகரும், கதவு இடம் மாறும், சேலையை மாட்டுகிற கொக்கிகூடத் தன் இடத்தைத் தேடிப் போய் நிற்கும். இப்படி நெகிழ்கிற பொருளுக்கு அந்த மென்பொருளில் ஃபேமிலி என்று பெயர். சிரிக்காதீர்கள், நான் வைத்த பெயரில்லை.

வெளிநாட்டுக்காரர்களின் கதவு தரையைத் தொடாது. கீழே ஒரு சாண் இடைவெளி, பக்கத்தில் வேறு கீறலாக ஒரு சந்து. முதல்முறை பார்த்தபோது வரைபடத்தில்தான் தப்பு என்று நினைத்து, கதவைத் தரைவரை இழுத்துவிட்டு அனுப்பினேன். திருப்பி அனுப்பினார்கள். "அவுக கால் தெரிஞ்சா அவுகளுக்கு என்னம்மா, உனக்கு என்ன?" என்றார் ஜமால் பாய்.

செய்து முடித்ததும் அதை ஆட்டிப் பார்ப்பது ஜமால் பாயின் வேலை. மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பதுபோல விசாரிப்பார். அகலத்தில் அரையடி அடிப்பார், ஐம்பதடி அடிப்பார், எங்கே உடைகிறது என்று பார்ப்பார். இரண்டு விஷயத்தை மட்டும் படித்துப் படித்துச் சொல்வார். கழிப்பறைப் பீங்கானை எப்போதும் அறையின் நடுவில் கட்டு, ஒரு பக்கத்துத் தடுப்பிலிருந்து அளந்து கட்டாதே. அப்புறம், எல்லா அறையையும் ஒரே அறையை நம்பித் தொங்கவிடாதே.

உமையாள் ஆச்சிக்கு வரைந்தபோது அவசரத்தில் இந்த இரண்டையுமே காற்றில் பறக்கவிட்டிருந்தேன்.

வளவைச் சுற்றிப் பூட்டு

உமையாள் ஆச்சி எனக்கு உறவில்லை. என் அம்மா வழியாகப் பழக்கம். எங்கள் வயல் நெல்லில் கொஞ்சம் வருடா வருடம் அந்த வீட்டுக்குப் போகும். ஆச்சிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் போய் ஆறேழு வருடமாகிறது. ஒரே மகள் வள்ளி பெங்களூரில் வேலை பார்க்கிறாள்.

வீட்டின் பெருமையை நான் சொல்லப் போவதில்லை. அதைப் படம் பிடிக்க வருகிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு அந்த வீட்டில் கண்ணில் படுவது பூட்டுகள்தான். வளவைச் சுற்றிப் பங்காளிக்கு ஒன்றாக அறைகள், ஒவ்வொன்றிலும் அவரவர் பூட்டு. சாவி சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கும். பூட்டில்லாத ஒரே அறை ஆச்சியினுடையது. ஏனென்றால் அங்கே வாழ்கிற ஒரே ஆள் அவர்தான்.

இவ்வளவு பெரிய வீட்டுக்குக் கழிப்பறை ஒன்றே ஒன்று. கொல்லையின் கடைக்கோடியில், தகரக் கதவோடு. மழை நாளில் ஆச்சி மூட்டுவலியோடு குடை பிடித்துக்கொண்டு அங்குட்டுப் போய்வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

வள்ளிக்குத் தேவகோட்டையில் மாப்பிள்ளை அமைந்தது. தையில் முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் மரியாதையான மனிதர்கள். "வீட்டுல வைக்கிறது எங்களுக்கும் சந்தோசந்தான் ஆச்சி. எங்க பக்கம் வயசானவுக நெறைய. கக்கூஸ் சரியா இருந்தா இங்கயே வச்சுக்கிருவோம், இல்லாட்டிக் காரைக்குடியில மண்டபம் பாத்துருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மண்டபத்தில் வைத்தால் என்ன என்று நானும்தான் கேட்டேன். ஆச்சி முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். பிழிவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"அவுக போனன்னைக்கே என்னை அரைப்புள்ளி ஆக்கிட்டாக செல்வி. எனக்கு மகன் இல்ல. மககாரி கல்யாணத்தையும் வெளிய கொண்டுபோயி வச்சேன்னா, இந்த வீட்டுல எனக்கு என்ன பாத்தியதைன்னு கேப்பாக. அந்த அரையும் போயிரும்."

இந்தப் புள்ளிக் கணக்கை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். அவர்கள் சமூகத்தில் கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. கணவனோ மனைவியோ இறந்துவிட்டால் மிச்சமிருப்பவர் அரைப்புள்ளி. கோயில் வரி புள்ளிக் கணக்கில்தான் வாங்குவார்கள். தனியாகிவிட்டவருக்குப் பாரம் குறையட்டும் என்று பாதி வாங்குகிற நல்ல ஏற்பாடு. "வரியைக் குறைக்கத்தான் அரைன்னு வச்சாக, ஆளைக் குறைக்க இல்ல" என்பார் ஆச்சி.

பொது நிலத்தில் ஒரு செங்கல் வைக்க வேண்டுமென்றாலும் ஏழு பேரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் தலையாட்டாவிட்டாலும் கல்யாணம் மண்டபத்துக்குப் போய்விடும். ஆவணிக்குள் வேலை தொடங்கினால்தான் தைக்குள் முடியும். அதனால்தான் ஆச்சி என்னைக் கூப்பிட்டார். நானும் கூலி வேண்டாம், ஒரு டின் முறுக்கு போதும் என்று வந்தேன்.

முதலில் நான் போட்டது நாலே நாலு கழிப்பறை, பொதுவாக. "பொதுன்னா யாரு கழுவுறது?" என்று மலேசியாவிலிருந்து கேட்டார் பழனியப்பன் அண்ணன். சரி, ஆளுக்கு ஒன்று என்று ஏழாக்கினேன். "ஆளுக்கொரு பூட்டும் போட்டுறணும்" என்றார் சுப்பையா அண்ணன். அதற்கும் சரி என்றேன். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று ஆச்சி காபி கலக்க எழப் பார்த்தபோதுதான் அந்த அரை வந்தது.

அமுக்கியபோது

இப்போது அண்டாவுக்குத் திரும்பி வருவோம்.

வீட்டுக்கு அருகில் இருக்கிற முதல் அறை ஆச்சியினுடையது. மூட்டுவலிக்காரர் அதிகம் நடக்க வேண்டாம் என்று நான்தான் அங்கே வைத்தேன். அடுத்தது சுப்பையா அண்ணனுடையது. கடைசி, மதிலோரம், பழனியப்பன் அண்ணனுடையது. ஆச்சியின் அறை அகலத்தில் நான்கை அழித்து இரண்டு என்று அடித்தேன்.

ஒரு நொடி திரை யோசித்தது. பிறகு ஏழு அறைகளும் ஒன்றாகச் சுருங்கின.

ஒன்று விடாமல் எல்லாம். ஏனென்றால் மற்ற ஆறு அறைகளையும், முதல் அறையைப் பார்த்து அளவெடுத்துக்கொள் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். பீங்கானை வேறு இடது தடுப்பிலிருந்து இரண்டடி என்று அளந்து கட்டியிருந்தேன். அறையே இரண்டடி ஆனதும், ஒவ்வொரு பீங்கானும் சரியாகத் தடுப்புச் சுவருக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. பாதி இந்தப் பங்கில், பாதி அடுத்த பங்கில். கதவுகள் சுருங்க மறுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

ஆறு கட்டங்களிலும் ஆறு தலைகள் முன்னால் குனிந்தன.

"என்ன இது, அண்ணமிண்டி பீங்கான் பாதி என் பங்குல நிக்கிது?" என்றார் சுப்பையா அண்ணன்.

"உன் பீங்கான் பாதி என்கிட்ட நிக்கிதே, அதைப் பாரு முதல்ல" என்றது ஓடுகிற கார்.

"எனக்கு அதுவும் இல்லையே" என்றார் பழனியப்பன் அண்ணன், இட்லியைக் கீழே வைத்துவிட்டு. "பாதி உள்ள இருக்கு, பாதி வெட்டவெளியில இருக்கு. ஏம்மா, நான் எங்குட்டு உக்காருறது?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருமுவதுபோல நடித்தேன். ஜமால் பாய் இதைப் பார்த்திருந்தால் எனக்கு வேலை போயிருக்கும். ஆனால் அந்த நிமிடத்தில் என் இரண்டு தப்பும் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயின.

"முதல் ரூமைப் பாத்துத்தாண்ணே மத்ததெல்லாம் அளவெடுக்குது" என்றேன், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு. "ஆச்சிக்கு அரைன்னா எல்லாருக்கும் அரைதான்."

"அதை மட்டும் தனியாப் பிரிச்சுப் போட முடியாதா?"

முடியும். ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும், அவ்வளவுதான். காபி ஆறுவதற்குள் செய்துவிடலாம்.

"பிரிக்கலாம்ணே. பிரிச்சா அத்தனையும் முதல்லருந்து வரையணும். ஆவணி தாண்டிரும்" என்றேன். இப்படி ஒரு பொய்யை அவ்வளவு மரியாதையாக நான் அதற்குமுன் சொன்னதில்லை.

அதுவரை ஓரமாக இருந்த ஆச்சி, அண்டாவைப் பிடித்துக்கொண்டு கேமராவுக்கு முன்னால் வந்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். மகளுக்கு வரன் வந்ததைச் சொல்கிறவர்போல நிதானமாகச் சொன்னார்.

"எல்லாருக்கும் அரைன்னா எனக்குச் சம்மதந்தான் தம்பி. நான் யாருக்கும் குறுக்க நிக்க மாட்டேன். நீங்களும் சம்மதம்னு சொல்லிப்புட்டீகன்னா, நாளைக்கே கொத்தனாரை வரச் சொல்லிருவேன்."

மலேசியாக் கட்டத்தில் பழனியப்பன் அண்ணனின் தோளுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் முகம் எட்டிப் பார்த்தது. கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு.

"பேசாம எல்லாருக்கும் முழுசாவே போடச் சொல்லுங்க" என்றார். "பட்டுச் சேலையைக் கட்டிக்கிட்டு நான் இதுக்குள்ள எப்படி நுழையுறது? நுழைஞ்சாலும் யாரு பங்குல உக்காருறேன்னு தெரியாம உக்காரணுமா?"

கார்க்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாக் கட்டங்களும் சிரித்தன. சுப்பையா அண்ணனின் கட்டம் கடைசியாகச் சிரித்தது, அதுவும் ஒரு ஓரமாகத்தான்.

"சரி, முழுசாவே போட்டுரு" என்றார் அவர். "ஆனா என் பங்கு நாலடியில ஒரு இஞ்சு குறையக் கூடாது."

"குறையாதுண்ணே."

இரண்டை அழித்து நான்கை அடித்தேன். பீங்கான்கள் சமர்த்தாக அவரவர் வீட்டுக்குத் திரும்பின. ஒவ்வொருவராகச் சம்மதம் சொன்னார்கள். இணைப்பு துண்டானதும் ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். கை வியர்த்திருந்தது. உள்ளே எவ்வளவு பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு எழுந்துபோய், ஒரு டின் முறுக்குக்குப் பதிலாக இரண்டு டின் கொண்டுவந்து வைத்தார்.

மிச்சம்

மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன். சொன்னேனே, காபி ஆறவில்லை.

கிணற்றடியிலிருந்து மதில்வரை இருபத்தொன்பதேகால் அடி. ஏழு நாலடி போக ஒன்றேகால் அடி மிச்சம். அந்த ஒன்றேகாலையும் ஆச்சியின் அறையில் சேர்த்தேன். பீங்கானுக்குப் பக்கத்தில், பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஒரு கம்பி. முக்காலி ஒன்று போட இடம். இந்த முறை பீங்கானை நடுவில் கட்டினேன்.

பின்னால் நின்று பார்த்த ஜமால் பாய் கேட்டார். "இது மட்டும் ஏம்மா அகலமா இருக்கு?"

"மிச்சம் பாய்."

"மிச்சமெல்லாம் ஒரே ஆளுக்குத்தான் போகுமா?"

"இந்தத் தடவை மட்டும்."

அவர் கீழே குரல் கொடுத்து இரண்டு டீ சொன்னார்.

நான் எதையும் ஒளிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வரைபடத்தில் ஆச்சியின் அறைமேல் ஐந்தேகால் என்று கொட்டை எழுத்தில்தான் போட்டேன். ஆறு பேருக்கும் அனுப்பினேன். ஆறு பேரும் கணக்கில் புலிகள். ஆனால் ஒவ்வொருவரும் தன் பங்கில் நாலடி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, சரி என்று பதில் போட்டார்கள்.

முகூர்த்தத்தன்று

தை மாதம் கல்யாணம் அந்த வீட்டு வளவிலேயே நடந்தது. பந்தல், மல்லிகை, வெங்காயக் கோஸ் குழம்பு கொதிக்கிற வாசம், அடி எடுத்து வைக்க இடமில்லாத கூட்டம். வளவு அறைகளின் பூட்டுகள் எல்லாம் திறந்திருந்ததை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அம்மாவும் வந்திருந்தார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், "பின்னாடி கொல்லையில கட்டிருக்காகளே, அது எங்க செல்வி போட்டது" என்று தானாகச் சொல்வதைக் காதால் கேட்டேன்.

தாலி கட்டி முடிந்த சற்று நேரத்தில் நான் கை கழுவக் கொல்லைக்குப் போனேன். சுப்பையா அண்ணன் பட்டு வேட்டியோடு தன் கழிப்பறைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அதில் திண்டுக்கல் பூட்டு ஒன்று, பெரியதாக, தொங்கிக்கொண்டிருந்தது.

"சாவி?" என்று கேட்டேன்.

"வீட்டுக்காரி கைப்பையில இருக்கு. அவ பிள்ளையார்பட்டி போயிருக்கா" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. மற்ற பங்காளிகள் தங்களுடையதைத் தேவகோட்டைக்காரர்களுக்குத் திறந்து விட்டிருந்தார்கள். அவை எல்லாவற்றுக்கும் முன்னால் பெரியவர்கள் வரிசையில் நின்றார்கள். முதல் அறையிலிருந்து அப்போதுதான் ஒரு அம்மா வெளியே வந்தார். கதவு திறந்தபடி கிடந்தது. அதற்குப் பூட்டே இல்லை.

அண்ணன் அந்தக் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். கால் மட்டும் மாறி மாறி நின்றது.

காபித் தூக்கோடு அந்தப் பக்கம் வந்த ஆச்சி, ஒரே பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார்.

"ஏன் தம்பி நிக்கிறீக? உள்ள போங்க."

"இல்ல, அது உங்களுது..."

"எனக்கு அரைதானே" என்றார் ஆச்சி. "மத்த அரை உங்களுதுன்னு வச்சுக்கிட்டுப் போயிட்டு வாங்க."

அவர் போனார். போகாமல் என்ன செய்வார். வர நேரமானது. வெளியே வந்து, குழாயில் கை கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு, மெதுவாக என் பக்கம் வந்தார்.

"ஏம்மா, இது மட்டும் அகலமா இருக்கு போலயே?"

"கம்ப்யூட்டர் தானாப் போட்டுக்கிருச்சுண்ணே" என்றேன்.

ஆச்சி காபித் தூக்கை எடுத்துக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல், விறுவிறுவென்று வளவுப் பக்கம் நடந்தார். மூட்டுவலிக்காரர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டே போனது.